கிறுக்கல் வந்தால் பயமில்லை, கேள்விக்குறி வந்தால்தான் வில்லங்கம்

கேள்வி: வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கூகுள் ஷீட்ஸில் அடித்து, சீஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக) இறக்கி கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே எக்செலில் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறதாம். கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: இல்லை, கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, திறந்த விதம்தான் பிழை. கூகுள் தருவது யுடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யூனிகோட் முறை. அதில் ஒரு 'க' 3 பைட். சீஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்தால் எக்செல் பெரும்பாலும் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய விண்டோஸ்-1252 முறை என்று நினைத்து, பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டிவிடும். அதனால் 'க' இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு கரும்புள்ளி என்று மூன்று வரும். சிங்களமும் அதே ஏயில்தான் தொடங்கும், ஆனால் அடுத்து வருவது பத்திக்குறி (¶) அல்லது நடுப்புள்ளி (·), அதை வைத்தே எது எந்த மொழி என்று சொல்லிவிடலாம்!

அச்சகத்தாரிடம் எக்செலை வெறுமையாகத் திறந்து, டேட்டா பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சீஎஸ்வி' போய், 'ஃபைல் ஒரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் யுடிஎஃப்-8ஐத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். இதையெல்லாம் போனில் விளங்கப்படுத்தப் பொறுமை இல்லையென்றால் சீஎஸ்வியையே விட்டுவிட்டு எக்செல் கோப்பாக இறக்கி அனுப்புங்கள், நானென்றால் அதைத்தான் செய்வேன்.

ஒன்றில் மட்டும் கவனம். சரியாகத் தெரிகிற தமிழை எக்செலில் 'யுடிஎஃப்-8' என்று பெயரில் இல்லாத சாதாரண சீஎஸ்வியாகச் சேமித்தால், 1252இல் தமிழுக்கு இடமே இல்லாததால் பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும். அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, மூலக் கோப்பைத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். வெறும் பெட்டிகள் தெரிந்தால் அது எழுத்துரு இல்லாத குறை, கோப்புக்கு ஒன்றுமில்லை.

அப்புறம், அச்சகத்தில் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியைப் பாவிக்கிறார்களா என்று கேளுங்கள். பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. அவர்கள் கேட்டால் தமிழ்ப் பெயர்களை மட்டும் தனி நிரலில் போட்டு யூனிகோடைப் பாமினியாக்கும் மாற்றியில் கொடுங்கள். திரும்ப யூனிகோடாக்கும்போது ஆங்கிலம் கலந்திருந்தால் அதையும் மாற்றி தமிழ் எழுத்தில் என்னவோ உளறிவைக்கும்.