சீட் கவர் இருக்கட்டும், கார்டு பாக்கியைப் பாருங்கள்

கேள்வி: செங்கோட்டையில் சிறு கடை வைத்திருக்கிறேன். குற்றாலம் சீசன் வந்தால் புனலூரிலிருந்து அக்கா, அத்தான் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு காரில் ஏறி ஏறி சீட் கவர் உரிந்துவிட்டது. கடையில் 14,000 ரூபாய்க்கு 'நாப்பா லெதர்', 5,000 ரூபாய்க்குத் துணிக் கவர் சொல்கிறார்கள். போன இரண்டு சீசன் விருந்துச் செலவில் கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி. மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். நல்ல கவராகக் கார்டிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: துணிக் கவரே போதும், அதையும் ரொக்கமாக வாங்குங்கள். 14,000 ரூபாய்க்கு முழு காருக்கும் அசல் தோல் வராது. நாப்பா என்று பெயர் சொன்னாலும் அது துணிமேல் பிளாஸ்டிக் பூசிய ஷீட்தான். உங்கள் ஊரை ஒட்டிய ஆரியங்காவு கணவாயின் ஈரக்காற்றில், அதிலும் பி.யு. (பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) வகை என்றால், செதில் செதிலாக உரியும். தையல் ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் ஃபோமில் தங்கி நாற்றமடிக்கும். துணி என்றால் கழற்றித் துவைத்துக் காயப்போடலாம். அடர் நிறமாகப் பாருங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று குறித்திருந்தால், அந்த இடத்தை மூடாத கவர்தான் போட வேண்டும். இதில் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு விட்டுக்கொடுக்காதீர்கள்.

என் கவலையெல்லாம் அந்த மினிமம் தொகை பற்றித்தான். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 40,000 ரூபாய்க்கு 1,400. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. மினிமம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,000. அதில் அசலுக்குப் போவது 350 ரூபாய்கூட இல்லை! பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. அந்த 14,000 ரூபாய்க்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், மாதம் ஏறக்குறைய 580.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து, கார்டு பாக்கியை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். வருடம் 10 சதவீதம் என்றாலும் முதல் மாத வட்டி சுமார் 330தான். அதே 2,000 ரூபாயை மாதாமாதம் கட்டிவந்தால் இரண்டு வருடத்துக்குள் நகை திரும்பிவிடும். அதுவரை கார்டைத் தொடாதீர்கள், தொட்டால் இரண்டு கடனாகிவிடும்.

அக்கா குடும்பம் தாராளமாக வரட்டும். பெட்ரோலை அத்தான் போடட்டும், சாப்பாடு வீட்டிலேயே இருக்கட்டும். அத்தானிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அக்காவிடம் பேசுங்கள். கார்டு பில்லைக் கையில் கொடுத்தே பேசுங்கள். சீசன் தொடங்கும் முன்பே, ஜூனுக்குள்.