எரிந்த கோழியும் நனைந்த ஆள்காட்டியும்

அன்புள்ள ஐயா,

பாம்பன் பக்கம் எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். தீயில் கருகிக் கிடந்த கோழியைக் காலால் புரட்டியபோது சிறகுக்கு அடியிலிருந்து குஞ்சுகள் உயிரோடு ஓடிவந்த கதையைச் சொல்லி, இயேசுவின் அன்பும் இப்படித்தான் என்றேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்புறம் அந்தக் குஞ்சுகள யாரு டீச்சர் பாத்துக்கிட்டா?" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "கடவுள் பார்த்துக்கொள்வார், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவனுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இந்தக் கதை உண்மையிலேயே நடந்ததா? விவிலியத்தின் இணைச்சட்ட நூலில் வருவதுபோல் கழுகு தன் குஞ்சைச் சிறகில் சுமக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கதை நடந்ததா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை, பிரசங்கங்களில் ஊர் ஊராகச் சுற்றுகிற கதை அது. கழுகு மோசேயின் பாட்டில் வருகிறது, பாட்டைப் பாட்டாக விடுங்கள். ஆனால் அந்தப் பிள்ளையை உட்காரச் சொன்னீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. அப்பாவைக் கடலில் விட்ட பிள்ளைக்கு முன்னால் நின்று, செத்துப்போவதுதான் பெரிய அன்பு என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்த கேள்வி கேட்டதும் வாயை அடைப்பதா? அந்த வகுப்பில் கதையை முழுசாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

மத்தேயு 23:37-ஐ எடுத்துப் பாருங்கள். அங்கே கோழி எரியவில்லை, உயிரோடு நின்று கூப்பிடுகிறது. கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்ப்பதுபோல் எத்தனையோ முறை உங்களைக் கூட்டிச் சேர்க்க விரும்பினேன் என்கிறார் ஆண்டவர். எத்தனையோ முறை! ஒரு நாள் செத்துக் காட்டுவதைப் பற்றியா இது? சிலுவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிலுவைக்கு உயிர்த்தெழுந்த மூன்றாம் நாள் உண்டு, உங்கள் கதைக்கு இல்லை, பையன் கேட்டது அதைத்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உடைமரமும் சரளையுமாக ஒரு பொட்டல் கிடந்தது. சித்திரையில் அங்கே ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். கூடெல்லாம் கிடையாது, தரையில் ஒரு சிறு குழி, மண் நிறத்தில் கறுப்புத் திட்டோடு நாலு முட்டை, கிட்டப் போனாலும் கண்ணில் படாது. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதானே நாம் நினைக்கிறோம்? நம் ஊர் உச்சி வெயிலில் சூட்டுக்கு என்ன பஞ்சம்! அது முட்டைமேல் எழுந்து நின்று நிழல் கொடுக்கும். ஆணும் பெண்ணும் முறை மாற்றிக்கொள்ளும். தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கும். குஞ்சு பொரித்த பிறகும் அப்படித்தான். திருப்பாடல்களில் 'சிறகுகளின் நிழல்' என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அது வெயில் தெரிந்தவன் பாடியது என்று எனக்கு அந்தப் பொட்டலில்தான் புரிந்தது.

என் அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. அம்மா பாசி எடுக்கப் போனாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலுக்குள் முங்கி முங்கிப் பாறையில் பாசி பறித்துவிட்டு, உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட வருவாள். சேலை மாற்றுவதற்கு முன்னால் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராக இழுத்து அணைப்பாள். அந்த ஈரச் சேலையின் குளிர்ச்சி இன்னமும் என் கன்னத்தில் இருக்கிறது. அவள் எங்களுக்காகச் சாகவில்லை. தினமும் திரும்பி வந்தாள்.

அவனிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், எல்லோருக்கும் முன்னால் கேளுங்கள், எல்லோருக்கும் முன்னால்தானே உட்கார வைத்தீர்கள். அப்புறம் யோவான் 21-ஐ வாசித்துக் காட்டுங்கள். உயிர்த்த பிறகு அவர் வந்து நின்றது கடற்கரையில். கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்து, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கடற்கரைப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சித்திரையில் பிள்ளைகளைப் பொட்டலுக்குக் கூட்டிப்போய் ஆள்காட்டியைக் காட்டுங்கள். தூரத்தில் நின்றே பார்க்கட்டும். அது கத்த ஆரம்பித்தால் உடனே பின்னால் வந்துவிடுங்கள். அது எழுந்து நம்மைத் துரத்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும்.