தகரக் கூரைக்கு ஆயுள் எத்தனை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டீல் கூரையைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டுக் கூரை மேலேயே ஏறிவிடுகிறேன்.

கேள்வி: ஐயா, மாடியில் ஸ்டீல் ஷீட் போட இருக்கிறோம். ஒருவர் பத்து வருஷம்தான் தாங்கும் என்கிறார். இன்னொருவர் ஐம்பது வருஷம் என்று அடித்துச் சொல்கிறார். யாரை நம்புவது?
– குழம்பிப் போன வாசகர்

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கூரையைப் பார்த்துவிட்டு எல்லாக் கூரைக்கும் சேர்த்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

ஷீட்டின் ஆயுள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் மேலிருக்கும் பூச்சின் ஆயுளைத்தான். லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829-ல் நெளிவுத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது அது வெறும் இரும்பு. நெளிவு அதற்கு வலுவைக் கொடுத்தது, துருவிலிருந்து காப்பாற்றவில்லை. 1837-ல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் ஜி.ஐ. தகரம் என்று சொல்வது அந்த வழியில் வந்தது.

துத்தநாகம் ஈரத்தையும் காற்றையும் இரும்பின் மேல் படவிடாமல் மூடுகிறது. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலிருக்கும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து அதைக் காக்கிறது. ஆக, பூச்சு எவ்வளவு தடிமன், வருஷத்துக்கு எவ்வளவு கரைகிறது என்ற இரண்டும் தெரிந்தால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

இசட் 275 என்று அச்சிட்ட ஷீட்டில் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலை, காற்று எவ்வளவு அரிக்கும் என்பதை வைத்து இடங்களை வகை பிரிக்கிறது. மிதமான அரிப்புள்ள சி3 வகை இடத்தில் துத்தநாகம் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். அப்படியானால் 20 மைக்ரான் தீர ஏறக்குறைய 10 முதல் 28 வருஷம். உப்புக் காற்று பலமாக அடிக்கும் சி5 வகை இடத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரான். அதே ஷீட்டின் பூச்சு அங்கே ஐந்து வருஷத்தைத் தாண்டாது. பூச்சு தீர்ந்த அன்றே ஓட்டை விழுந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அதற்கப்புறம் இரும்பு தன் கையிருப்பைத்தான் செலவழிக்கிறது.

அந்த ஐம்பது வருஷக்காரர் ஒருவேளை கால்வால்யூம் வகையை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள அந்த ஷீட்டை 1972-ல் அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூச்சின் எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான். அதில் ஏஇசட் 150 என்றால் 150 கிராம்தான், ஆனாலும் அலுமினியம் லேசானது என்பதால் தடிமன் அதே 20 மைக்ரான் வந்துவிடும். ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் சாதா ஜி.ஐ. தகரத்தைவிடப் பொதுவாக இரண்டு முதல் நான்கு மடங்கு உழைக்கும். 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இந்தப் பூச்சுள்ள 14 கட்டடக் கூரைகளைச் சோதித்து, அவை 60 வருஷம் தாங்கும் என்று கணித்தது. விளம்பரங்களில் இந்த 60 அடிக்கடி வரும். ஆனால் அவை விளிம்போடு விளிம்பை மடித்துப் பூட்டிய கூரைகள். ஷீட்டைத் துளைத்து மேலே ஸ்குரு தெரியும்படி அடித்தவை அல்ல. அந்த வித்தியாசத்தை விளம்பரம் சொல்லாது.

கேள்வி: 0.35 மி.மீ. ஷீட்டுக்குப் பதில் 0.50 போட்டால் துருப்பிடிக்க அதிக நாளாகும்தானே?
– புது வீட்டுக்காரர்

ஆகாது. தடிமன் எதற்கு என்றால் காற்றுக்கு, மேலே ஆள் நடப்பதற்கு, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்கும் அடுத்த பர்லினுக்கும் நடுவே தொய்யாமல் இருப்பதற்கு. துரு எப்போது ஆரம்பிக்கும் என்பதைப் பூச்சுதான் முடிவு செய்கிறது. கனமான இரும்பில் மெல்லிய பூச்சு இருந்தால் ஓட்டை விழக் கொஞ்சம் தாமதமாகும், துருவின் அசிங்கம் அதே நாளில் வரும்.

இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 0.50 என்பது பெயின்ட், பூச்சு எல்லாம் சேர்ந்த மொத்தமா, இரும்பு மட்டுமா? மொத்தம் என்றால் உள்ளே இரும்பு ஏறக்குறைய 0.42 தான் இருக்கும். இரண்டு விதமாகவும் விற்கிறார்கள். எது என்று பில்லில் எழுதி வாங்குங்கள், கூடவே பூச்சின் கிராம் கணக்கையும். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள் என்பேன்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் வீடு. வெயிலும் மழையும் படும் மேல்பக்கம் நன்றாக இருக்கிறது. மழையே படாத தாழ்வாரத்தின் அடிப்பக்கம் துருப்பிடித்துக் கொட்டுகிறது. தலைகீழாக அல்லவா இருக்கிறது?
– கடலோர வாசகி

நல்ல கேள்வி அம்மா. கூரை பார்க்கப் போகும் இடத்தில் நான் ஏணியைக் கேட்பதற்கு முன்னால் தாழ்வாரத்தின் அடியில்தான் நிமிர்ந்து பார்ப்பேன். நோய் முதலில் தெரியும் இடம் அது.

கடற்காற்று கொண்டுவரும் உப்பு மேல்பக்கமும் படிகிறது, அடிப்பக்கமும் படிகிறது. மேலே படிந்ததை மழை கழுவிவிடுகிறது. அடியில் படிந்தது அங்கேயே சேர்ந்துகொண்டே போகிறது. உப்புக்கு ஒரு குணம், காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் கடலோரத்தில் அந்த அடிப்பக்கம் அநேகமாக எப்போதுமே ஈரமாகத்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். வெயில் பட்டுக் காயவும் வழியில்லை.

வைத்தியம் ரொம்ப எளிது: நல்ல தண்ணீர். தாழ்வாரத்தின் அடி, சுவர் மேலிருக்கும் ஷீட், மழைநீர் வடியும் கட்டரின் வெளிப்பக்கம், சோலார் பேனலுக்குக் கீழே உள்ள பகுதி என்று மழை எட்டாத இடங்களையெல்லாம் வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஹோஸ் வைத்துக் கழுவுங்கள். அலைக்கு ரொம்பக் கிட்டே என்றால் மாதம் ஒரு முறை. சோப்பு வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். அழுக்கு போகவில்லை என்றால் மென்மையான பிரஷ் போதும். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதச் சீட்டைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மழை படாத பகுதிகளைக் கழுவ வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

கேள்வி: ஷீட் பளிச்சென்று இருக்கிறது, ஸ்குரு மட்டும் துருப்பிடித்து ஒழுகுகிறது. ஸ்குருவை இன்னும் இறுக்கினால் சரியாகுமா?
– பாத்திரம் வைத்து ஓய்ந்தவர்

இறுக்காதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் பல கூரைகள் ஒழுகுகின்றன.

ஷீட்டுக்கு 20 மைக்ரான் பூச்சு பார்த்து வாங்குகிறவர்கள் ஸ்குருவைப் பற்றி யோசிப்பதில்லை. மின்முலாம் பூசிய மலிவு ஸ்குருக்களில் துத்தநாகம் 5 முதல் 8 மைக்ரான் அளவில்தான் இருக்கும். முதலில் போவது எது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஸ்குருத் தலையின் துரு ஷீட்டில் வழிந்து, அந்த இடத்துப் பூச்சையும் கெடுக்கும். ஷீட்டுக்கு இணையான ஆயுள் உள்ள ஸ்குருவைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குருவுக்குத் தாவவும் கூடாது. உப்புக் காற்றுள்ள இடத்தில் அது தன்னைச் சுற்றியிருக்கும் பூச்சைத் தின்றுவிடும்.

அடுத்தது வாஷர். ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர் லேசாக நசுங்கி, மேலிருக்கும் உலோக வளையத்தின் விளிம்பு வரை வந்தால் போதும். பிதுங்கி வெளியே வந்தால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும், ஷீட்டும் குழிந்து அங்கே தண்ணீர் தேங்கும். வெயிலில் ஷீட் நீள்வதையும் மறந்துவிடக் கூடாது. 10 மீட்டர் ஷீட், வெப்பம் 50 டிகிரி ஏறினால் 6 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி திரும்பச் சுருங்கும். தினமும் இந்த இழுபறி ஸ்குருத் துளையில்தான் நடக்கிறது. துளை பெருத்திருந்தால் பழைய ஸ்குருவை எடுத்துவிட்டு ஒரு சைஸ் தடிமனான ஸ்குருவைப் புது வாஷரோடு போடுங்கள். சிலிக்கானை அப்பி மூடுவது அடுத்த மழை வரைக்கும்தான்.

கேள்வி: கூரை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷீட் முழுக்கச் செம்புள்ளிகள். மட்டமான சரக்கை ஏமாற்றி விற்றுவிட்டார்களா?
– கோபக்கார வாசகர்

கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உதிர்ந்து வந்தால் அது உங்கள் ஷீட்டின் துரு இல்லை. துளை போட்டபோதும் வெட்டியபோதும் சிதறிய இரும்புப் பொடியின் துரு. கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு வெட்டியிருந்தால் நிலைமை மோசம். பொறி சூட்டோடு பறந்து பெயின்டுக்குள்ளேயே புதைந்துவிடும், வெட்டிய விளிம்பில் பூச்சும் கருகிவிடும். நான் கிரைண்டரைக் கூரை மேல் ஏற்றவே விடமாட்டேன். தகரக் கத்தரி அல்லது தகட்டைக் கடித்துக் கடித்து வெட்டும் நிப்ளர், இரண்டில் ஒன்று. அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் பொடியைப் பெருக்கித் தள்ளிவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ராத்திரிப் பனியே போதும்.

கேள்வி: அளவு குறிக்கப் பென்சில் பயன்படுத்தலாமா?
– பயிற்சியில் இருக்கும் தொழிலாளி

பெயின்ட் இல்லாமல் பூச்சு மட்டும் உள்ள ஷீட்டில் கூடாது தம்பி. பென்சில் முனை கிராஃபைட். ஈரம் பட்டால் அந்தக் கோட்டின் வழியாகவே பூச்சு அரிக்கும், கோடு நிரந்தரமாகத் தெரியும். மார்க்கர் பேனா வைத்துக்கொள். அப்படியே இன்னொன்றும்: ஏ.சி.யின் செம்புக் குழாயிலிருந்து வடியும் தண்ணீர் ஷீட்டில் விழாமல் பார்த்துக்கொள், ஈயத் தகட்டைக் கால்வால்யூம் மேல் வைக்காதே, ஈர சிமென்ட் சிந்தினால் காய்வதற்குள் கழுவிவிடு.

கேள்வி: மாட்டுக் கொட்டகைக்குக் கால்வால்யூம் போடலாமா?
– விவசாயி

வேண்டாம். சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா அடியிலிருந்து அரிக்கும். உத்தரவாதமும் அங்கே செல்லாது.

கேள்வி: ஷீட்டை மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருந்தோம். பிரித்தால் வெள்ளைப் பவுடர் பூத்திருக்கிறது.
– வேலை தள்ளிப்போனவர்

மூடியதுதான் வினை. அடுக்கிய ஷீட்டுகளுக்கு நடுவில் ஈரம் புகுந்தால் காற்றில்லாமல் துத்தநாகம் வெள்ளையாகப் பூக்கும். லேசாக இருந்தால் நைலான் பிரஷால் தேய்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். கறுத்து, கையில் சொரசொரப்பாகத் தட்டினால் அந்த ஷீட்டை ஒதுக்குங்கள். அடுக்கும்போது ஒரு முனையைச் சற்று உயர்த்தி வாட்டம் கொடுத்து, காற்றோட்டம் விட்டு வையுங்கள்.

கேள்வி: ஜி.ஐ. தகரத்துக்கு நல்ல எனாமல் பெயின்ட் அடித்தும் தோல் தோலாக உரிகிறது. கலர் ஷீட்டே வாங்கியிருக்கலாமோ?
– பெயின்ட் அடித்துச் சலித்தவர்

பெயின்ட் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் துத்தநாகத்துக்கும் அதற்கும் ஆகாது. எண்ணெய் வகை எனாமல் துத்தநாகத்தின் மேல் நேராகப் பட்டால், நாளடைவில் இரண்டும் சேர்ந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். பிடி விட்டுப் போகும். துத்தநாகத்துக்கென்று உள்ள பிரைமரை அடித்துவிட்டு அதன் மேல் அடியுங்கள்.

கலர் ஷீட்டில் சாதா பாலியஸ்டர் பெயின்ட் வெயிலில் சீக்கிரம் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு ஒட்டும். பி.வி.டி.எஃப். என்ற வகைப் பெயின்டின் நிறம் வெகுநாள் நிற்கும். வெளுப்பது வேறு, துருப்பிடிப்பது வேறு. வெளுத்த கூரையைப் பார்த்துப் பயந்து பிரித்துவிடாதீர்கள்.

கேள்வி: பழைய கூரையில் ஆங்காங்கே துரு. மாற்றுவதா, ஒப்பேற்றுவதா?
– தகரக் கூரையின் கீழ் பல காலமாகக் குடியிருப்பவர்

ஒரு கூர்மையான ஊசியை எடுத்துக்கொண்டு ஷீட்டும் ஷீட்டும் மேற்படியும் இடங்களில் குத்திப் பாருங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் தங்குவதால் அங்கேதான் முதலில் உளுத்துப்போகும். ஊசி இறங்கவில்லை என்றால் துருவைச் சுரண்டி, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இறங்கினால் அந்த ஷீட்டை மாற்றுங்கள்.

மாற்றும்போது இரண்டு விஷயம். துருப்பிடித்த ஷீட்டின் மேலேயே புது ஷீட்டைப் படுக்க வைக்காதீர்கள், நடுவில் தங்கும் ஈரம் புதியதையும் அடியிலிருந்து தின்னும். மேல்வரிசையில் கலர் ஷீட்டோ கால்வால்யூமோ போட்டுவிட்டுக் கீழ்வரிசையில் வெறும் ஜி.ஐ. தகரத்தை விட்டுவைக்கவும் கூடாது. மேலிருந்து எதையும் கரைக்காமல் இறங்கி வரும் மழைநீர், சொட்டுகிற இடத்திலெல்லாம் கீழே இருக்கும் துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

அப்புறம், ஊசியோடு மேலே ஏறும்போது ஸ்குரு வரிசையின் மேல் மட்டும் கால் வையுங்கள். அடியில் பர்லின் இருப்பது அங்கேதான்.