புதிய பாடத்துக்கு சிலபஸ் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர்களுக்குக் கடலோர உயிர்வளம் பற்றி ஒரு விருப்பப் பாடத்தை ஐந்து யூனிட்டில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தரும் போர்டு கூட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

நானும் ராமநாதபுரம் கடலோரத்தில் விலங்கியல் கற்பிக்கிறேன். இதே மாதிரி ஒரு பாடத்தை ஒரு முறை எழுதி, இரண்டு முறை திருத்தியிருக்கிறேன். என் பதில் ஒரே வரியில்: யூனிட்டை எழுதும் முன்னால் கேள்வித்தாளை எழுதுங்கள். எழுதப்போகும் சிலபஸை நடத்தி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, செமஸ்டர் கடைசியில் பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகும் முழு எழுபத்தைந்து மார்க் தாளை இன்றைக்கே எழுதிவிடுங்கள். யூனிட் தலைப்பெல்லாம் அப்புறம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் முறை நான் செய்தது நேர் எதிர். நல்ல பாடநூல் ஒன்றின் பொருளடக்கத்தை எடுத்து ஐந்தாகப் பிரித்தேன். கடலியலின் வரலாறு என்று 1872-இல் புறப்பட்ட சேலஞ்சர் கப்பல் பயணத்தில் தொடங்கி, மீனின் துடுப்பு வகைகள், செதில் வகைகள், மீன்வளம், கடைசி யூனிட்டில் பாதுகாப்பு. பார்க்க அழகாக இருந்தது. போர்டிலும் ஒரு கேள்வி இல்லாமல் போயிற்று. வகுப்பில்தான் குறை தெரிந்தது.

துடுப்பு வகைகளை நடத்திக்கொண்டிருந்தேன். திரையில் சால்மன், காட் மீன் படங்கள். பாம்பனிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "மேம், இது நம்ம ஊர்ல எந்த மீன்?" என்று கேட்டாள். இரண்டுமே நம் கடலில் கிடையாது. அன்றைக்குக் காலையில் அவள் அப்பா நாட்டுப்படகில் கொண்டுவந்த ஊளியிலும் ஓராவிலும் நகரையிலும் நான் சொல்லிக்கொண்டிருந்த துடுப்பு அத்தனையும் இருக்கிறது. நான்தான் அதை எடுத்துக் காட்டவில்லை. அந்த வருடம் ஐந்தாவது யூனிட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது பருவத் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. மன்னார் வளைகுடாவைப் பற்றிய ஒரே யூனிட் அதுதான்.

அந்த மாணவி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். கடலிலிருந்து வந்து கரையில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த துணிப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறை கிழிக்காமல் இருக்க அந்தத் துணி. ஈரம் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. முன்னால் விரித்திருந்த சாக்கில் மூன்று குவியல். "இது மரிக்கொழுந்து, இது கட்டக்கோரை, அது கஞ்சிப்பாசி" என்று விரலாலேயே பிரித்துக் காட்டினார். வகுப்பில் நான் ஜெலிடியெல்லா, சர்காசம், கிராசிலேரியா என்று எழுதிப்போட்டு ஒரு வாரமாக மனப்பாடம் செய்யச் சொன்ன அதே மூன்று. "எப்படிக்கா எடுப்பீங்க?" என்று கேட்டேன். "நுனியைக் கிள்ளித்தான் எடுக்கணும் டீச்சர். வேரோட பிடுங்கிட்டா அடுத்த தடவை போறப்ப அங்க ஒண்ணும் இருக்காது" என்றார். வளங்குன்றா அறுவடை என்று நான் ஒரு மணி நேரம் நடத்துவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்த இரண்டு வாக்கியத்துக்கு எங்கள் சிலபஸில் இப்போது மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். உணவிலும் தொழிலிலும் கூழாக்கப் பயன்படும் அகர் எந்தப் பாசியிலிருந்து வருகிறது, ஆல்ஜினேட் எதிலிருந்து வருகிறது, அடிப்பகுதியை விட்டுக் கிள்ளினால் ஏன் மறுபடி தழைக்கிறது என்று அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

சரி, கேள்வித்தாளுக்கு வருகிறேன். எங்களுக்கு அமைப்பு இரண்டு மார்க் கேள்வி பத்து, ஐந்து மார்க் கேள்வி ஐந்து, பத்து மார்க் கேள்வி மூன்று. உங்களுக்கு வேறாக இருந்தாலும் வழி ஒன்றுதான். நான் இரண்டாம் முறை எழுதிய தாளிலிருந்து சில கேள்விகள்: மீன்பிடித் தடைக்காலம் ஏன் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது? இழுவைமடி ஓடும் இடத்தில் கடற்புல்லுக்கு என்ன ஆகும்? மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று புத்தகத்தில் இருக்கிறது, இன்றைக்கு நீர்மட்டத்துக்கு மேலே தெரிபவை அத்தனை இல்லையே, ஏன்? கப்பாபைகஸ் பாசி வளர்ப்பை இந்தக் கடலில் இன்னும் விரிவாக்கலாமா, இரண்டு பக்கமும் எழுதி உங்கள் முடிவைச் சொல்லவும்.

இந்தக் கேள்விகளை எழுதியதும் சிலபஸில் என்ன வேண்டும் என்பது தானாக வந்து நிற்கும். தீவுக் கேள்விக்கு பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கியதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்த காலத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பவளம் எப்படி வளர்கிறது, 1998, 2010, 2016 வருடங்களில் வெப்பம் ஏறி வெளுத்தபோது அதற்கு என்ன நடந்தது என்பது வேண்டும். 1986-இல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் என்ற தகவல்கள் அப்போது மனப்பாட வரிகளாக இருக்காது, ஒரு கதைக்குள் வந்து உட்காரும். கப்பாபைகஸ் கேள்விக்கு மூங்கில் தெப்பத்தில் கட்டிய நாற்று 45 நாளில் அறுவடைக்கு வரும் கணக்கும் வேண்டும், குருசடைத் தீவுப் பக்கம் அது பவளத்தின் மேல் படர்ந்ததும் வேண்டும்.

அதேபோல எந்தத் தலைப்புக்கு உங்களால் ஒரு நல்ல கேள்வி எழுத முடியவில்லையோ, அதை எடுத்துவிடுங்கள். சேலஞ்சர் பயணத்துக்கு முதல் சிலபஸில் அரை யூனிட் கொடுத்திருந்தேன். இப்போது ஒரு மணி நேரம். அந்த இடத்தில், 1947-இல் தொடங்கி பிறகு பல ஆண்டுகள் மண்டபம் ஊரில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வந்துவிட்டது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் நிலையம் இன்றும் நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

அடுத்தது மணிக்கணக்கு. இதில் யாரும் நேர்மையாக இருப்பதில்லை என்பது என் வருத்தம். வாரம் நான்கு மணி, பதினைந்து வாரம், மொத்தம் அறுபது, யூனிட்டுக்குப் பன்னிரண்டு என்று தாளில் போடுகிறோம். போன வருடப் பதிவேட்டை எடுத்து நான் எண்ணிப் பார்த்தேன், 47 வகுப்புதான் நடந்திருந்தது. இரண்டு இன்டர்னல் தேர்வு, பரமக்குடி, பசும்பொன் நினைவு நாட்களை ஒட்டி பஸ் ஓடாத நாட்கள், ஆயுத பூஜை, தீபாவளி, பிறகு ஐப்பசி மழை விடுமுறை. நம் மாவட்டத்தில் ஜூலை முதல் நவம்பர் வரைக்கும் இதெல்லாம் வரத்தான் செய்யும். அதனால் அறுபது என்று போட்டாலும் 45-க்கு மட்டும் பாடம் வையுங்கள். முக்கியமான யூனிட்டை ஐந்தாவதாக வைக்காதீர்கள். நாங்கள் மன்னார் வளைகுடாவை இரண்டாம் யூனிட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

உங்கள் பாடத்தில் களப்பயணம் இருந்தே ஆக வேண்டும். அதற்குக் கல்லூரி நாட்காட்டியோடு கடலின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்று மீனவர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். வாடை தொடங்கியதும் அப்படியே மாறிவிடும். அதனால் பாடம் ஜூலை செமஸ்டரில் வந்தால் ஆகஸ்டில் வடகடல் பக்கம் கடற்புல் பார்க்கப் போங்கள். டிசம்பர் செமஸ்டர் என்றால் பிப்ரவரியில் தென்கடல் பக்கம். மண்டபத்தில் இரண்டு கரையும் நடக்கிற தூரம் என்பது நமக்குக் கிடைத்த பாக்கியம், ஒரே நாளில் இரண்டையும் காட்டி ஒப்பிடச் சொல்லலாம். மீன் இறங்குதளத்துக்கு அழைத்துப்போவதை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது, இறங்குதளம் வெறிச்சோடிக் கிடக்கும். தீவுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அது கிடைக்கும் என்று நம்பி சிலபஸில் எழுதிவிடாமல், கரையிலேயே செய்யக்கூடிய வேலையாக வையுங்கள்.

செய்முறைப் பகுதியில் ஒரு எச்சரிக்கை. பழைய சிலபஸ்களில் "கடலோர உயிரின மாதிரிகள் பத்து சேகரித்துச் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்துவிடாதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடந்தாலும் எடுத்து வைத்திருப்பது குற்றம். ஒரு மாணவன் நல்ல மார்க் வாங்கும் ஆசையில் காய்ந்த கடல் குதிரையை டப்பாவில் போட்டு எடுத்துவந்தான். பயந்துபோனேன். தப்பு அவன் மேல் இல்லை, நாங்கள் எழுதிக் கொடுத்த அந்த வரியின் மேல்தான். இப்போது போட்டோவும், எடுத்த இடம், நாள், உள்ளூர்ப் பெயர், அறிவியல் பெயர் எழுதிய குறிப்பேடும்தான் சமர்ப்பிக்க வேண்டும்.

உள்ளூர்ப் பெயர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சிலபஸோடு பின்னிணைப்பாக ஒரு பெயர்ப் பட்டியல் சேருங்கள், அறிவியல் பெயருக்கு எதிரே இந்தக் கரையில் சொல்லும் பெயர். கடற்பசுவை இங்கே பெரியவர்கள் ஆவுளியா என்பார்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-இல் அறிவிக்கப்பட்டதை வகுப்பில் சொன்னபோது சும்மா கேட்டுக்கொண்டிருந்த பையன், அது ஆவுளியாதான் என்று தெரிந்ததும் தாத்தா வலையில் ஒன்று மாட்டி வெட்டிவிட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். இந்தப் பட்டியலை நீங்கள் தனியாகத் தயாரிக்க வேண்டாம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்தால் ஒரு மாலையில் முடியும்.

கோர்ஸ் அவுட்கம் (பாடம் முடிந்ததும் மாணவர்களால் என்ன செய்ய முடியும் என்பது), கே-1 முதல் கே-6 வரை சிந்தனைத் திறன் நிலைகள், மேப்பிங் அட்டவணை இதெல்லாம் எப்படியும் கேட்பார்கள். கேள்வித்தாள் கையில் இருந்தால் அரை நாள் வேலைதான், ஏனென்றால் ஒவ்வொரு கேள்வியும் எந்த நிலை என்பது அதிலேயே தெரியும். "அறிந்துகொள்வார்கள், புரிந்துகொள்வார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "இறங்குதளத்தில் பதினைந்து மீன்களை உள்ளூர்ப் பெயரோடும் அறிவியல் பெயரோடும் பிரித்துச் சொல்வார்கள்" என்று எழுதினால் அதை நீங்களே சோதித்துப் பார்க்க முடியும்.

பார்வை நூல்களைப் போடும் முன் உங்கள் நூலகத்துக்குப் போய் எத்தனை பிரதி இருக்கிறது என்று பாருங்கள். இல்லாத புத்தகத்தைப் போட்டால் பிள்ளைகள் நகல் கடையில் விற்கும் வினா-விடைக்குத்தான் போவார்கள்.

போர்டில் வெளிப் பல்கலைக்கழக நிபுணர்கள், துணைவேந்தரின் பிரதிநிதி, தொழில்துறை சார்பில் ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருப்பார்கள். இதில் கடைசி இரண்டு பேரையும் பேச வையுங்கள். எங்கள் கூட்டத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு பாசி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். பாசியில் ஈரப்பதம் பார்ப்பது எப்படி என்று யாருமே தனக்குச் சொல்லித்தரவில்லை என்றார். அது ஒரு செய்முறையாகச் சேர்ந்தது. அதைச் சேர்த்தபோது வெளி நிபுணர், "ஒரு வரி சேர்த்தால் ஒரு வரி எடுங்கள்" என்று அங்கேயே வேறொன்றை அடிக்க வைத்தார். அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவள்.

பாடம் நடக்க ஆரம்பித்ததும் சிலபஸின் ஒரு பிரதியை உங்கள் மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு யூனிட்டுக்கும் உண்மையில் ஆன மணி நேரத்தை ஓரத்தில் எழுதிவாருங்கள். எங்கள் பிரதியில் யூனிட் 2-க்கு எதிரே 12 என்பதை அடித்து 16 என்றும், யூனிட் 4-க்கு எதிரே 12-ஐ அடித்து 7 என்றும் இருக்கிறது. அடுத்த திருத்தத்துக்கு அந்தப் பிரதியோடுதான் போகப்போகிறேன்.