இரண்டு மணி நேரத்தில் என்ன போய்விடும்?

கேள்வி: வெயில் காலம் வந்தாலே, "கரண்ட் இல்லை, தொழில் போச்சு" என்று சின்னக் கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் புலம்பத் தொடங்கிவிடுகிறார்கள். 2012-இல் நாம் பார்க்காத மின்வெட்டா? இப்போதெல்லாம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போகிறது, வந்துவிடுகிறது. வீட்டில் நாங்கள் இன்வெர்ட்டர் வைத்துச் சமாளிக்கவில்லையா? தொழில் செய்கிறவர்கள் ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?
(வாசகர், சென்னை)

பதில்: 2012-ஐ நீங்களே இழுத்துவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த ஆண்டு சென்னையில் மின்வெட்டு நாளுக்கு இரண்டு மணி நேரம். கோவையிலும் மதுரையிலும் அது 12 மணி, 14 மணி நேரம் வரை போனது. சென்னையில் இருந்தபடி, "நாம் பார்க்காததா" என்று கேட்க உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. நாம் அதைப் பார்க்கவில்லை. மாநிலத்தின் பற்றாக்குறை அப்போது 4,000 மெகாவாட் அளவில் இருந்தது. காற்றாலை சீசன் முடிந்த அக்டோபரில் நிலைமை கைமீறிப் போனது. கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கம் ஒன்றிரண்டு லேத் (கடைசல் இயந்திரம்) போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர்களில் பலர், மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கடன் அடைத்தார்கள். சொந்தப் பட்டறை வைத்திருந்தவர்கள் இன்னொருவரிடம் ஆபரேட்டராக வேலைக்குப் போனார்கள். பிறகு வல்லூர், வடசென்னை, மேட்டூர் அனல் மின்நிலையங்களில் புதிய அலகுகள் வந்தன. 2013 கடைசியில் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. பற்றாக்குறை தணிந்தது. ஆனால் மூடிய பட்டறைகள் எல்லாம் மறுபடி திறக்கவில்லை.

இப்போது நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2024 மே 2-ஆம் தேதி தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கும் மின்சாரம் கொடுக்கப்பட்டது. ஆகவே மின்சாரம் இருக்கிறது. தெருவுக்கு வந்து சேருவதில்தான் கோளாறு. இருபது வருடத்துக்கு முன்னால் போட்ட டிரான்ஸ்ஃபார்மரில் இன்று மாடிக்கு மாடி ஏசி ஓடுகிறது. கேபிள் பழசு. பழுது பார்க்க வேண்டிய களப்பணியாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. இந்தத் தடைகளுக்கு அட்டவணை கிடையாது. எப்போது போகும் என்று தெரியாது. போனால் எப்போது வரும் என்று சொல்லவும் ஆள் இல்லை. சிறுதொழிலைக் கொல்வது இந்த நிச்சயமின்மைதான். நீங்கள் மணிக்கணக்கைப் பார்க்கிறீர்கள். அவர்களுக்கு ஐந்து நிமிடமே போதும்.

ஒரு லேத் பட்டறைக்கு உள்ளே வந்து பாருங்கள். ஷாஃப்டில் மரை வெட்டிக்கொண்டிருக்கிறார் ஆபரேட்டர். டூல் உலோகத்துக்குள் இறங்கியிருக்கிறது. அந்த நொடியில் கரண்ட் போனால், ஷாஃப்டைப் பிடித்துச் சுழற்றும் சக் வேகம் குறைந்து நிற்கும், டூல் கடித்துக்கொள்ளும், கார்பைடு முனை உடையும். மரை கெட்டுப்போன ஷாஃப்டை எதற்கும் பயன்படுத்த முடியாது. அந்த இரும்பும் பட்டறைக்காரருடையது இல்லை. வேலை கொடுத்த கம்பெனி அனுப்பியது. "ரிஜெக்ஷன்" என்று எழுதி மெட்டீரியல் காசை அவர் பில்லில்தான் பிடிப்பார்கள். கரண்ட் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பிடித்தம் குறையாது. பிளாஸ்டிக் மோல்டிங் வைத்திருப்பவருக்கு, மெஷினின் பேரல் என்ற குழாய்க்குள் உருகிய பிளாஸ்டிக் இறுகிவிடும். மறுபடி சூடேற்றி, கழிவைத் தள்ளி, சரியான பீஸ் வருவதற்குள் பாதி ஷிஃப்ட் போய்விடும். விசைத்தறியில் நின்று ஓடிய இடத்தில் துணியில் கோடு விழும். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அதிலும் வெட்டு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று அரசு 2023-இல் உயர்த்தியது நல்ல காரியம். தறி ஓடும் நேரத்தில் மின்சாரம் இருந்தால்தானே அந்த யூனிட் கணக்கில் ஏறும்?

முழுசாகப் போவதைவிட மோசமானது ஒன்று உண்டு. மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் போய்விடும். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறி காயில் கருகும். அரிசி மாவு, மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுக்கும் மில்லில் இப்படி மோட்டார் எரிந்தால், காயில் கட்டி வரும்வரை கடைக்குப் பூட்டு.

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்களைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றுவதில்லை. எந்தச் சங்கத்திலும் அவர்கள் உறுப்பினர் இல்லை. காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, மதியம் டில்டிங் கிரைண்டரில் ஆட்டி எடுத்தால்தான் மாலையில் வாசலில் பாத்திரத்தோடு நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க முடியும். மதியம் இரண்டு மணிக்குப் போன கரண்ட் ஐந்து மணிக்கு வந்தால், சித்திரை வெயிலில் உளுந்து ஊறிப் புளித்த வாடை அடித்துவிடும். பாதி ஆட்டிய மாவை அப்படியே விட்டு மறுபடி ஆட்டினால் இட்லி பொங்காது. கொட்டவும் மனம் வராது, விற்கவும் முடியாது. அன்றைக்கு வந்து வெறும் பாத்திரத்தோடு திரும்பியவர் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் மாவு வாங்குவார். அவர்களில் சிலர் திரும்பி வரவே மாட்டார்கள். அந்த இழப்பு எந்தக் கணக்கில் வருகிறது, சொல்லுங்கள்.

இனி ஜெனரேட்டர். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் நாலு விளக்கும் ரெண்டு ஃபேனும் இழுக்கும். பத்து எச்பி மோட்டாரை அது ஓட்டாது. அதற்கு டீசல் ஜெனரேட்டர்தான் வேண்டும். சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைத்தால் பெரிது. டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். யூனிட்டுக்கு 27, 28 ரூபாய் ஆகிறது. மின்வாரியத்திடம் வாங்கினால் தொழிற்சாலைக் கட்டணம் எட்டு ரூபாய் சொச்சம். பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று ஆறு மாதம் முன்பே ரேட் பேசி வேலை எடுத்தவர், மூன்று மடங்கு விலை கொடுத்து ஓட்டிவிட்டு அந்தக் காசை யாரிடம் கேட்பார்? பெரிய ஆலை சொந்தமாகக் காற்றாலை வைத்துக்கொள்ளும், துணைமின் நிலையம் கட்டிக்கொள்ளும். இருநூறு சதுர அடி ஷெட்டுக்காரரைப் பார்த்து, "நீயே ஒரு மின்நிலையம் வைத்துக்கொள்" என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணம் அவரிடமிருந்து தவறாமல் வசூலாகிறது. 2022 செப்டம்பரில் அதுவும் ஏறியது. பணம் வாங்கிக்கொண்ட பிறகு, பொருளைத் தர வேண்டிய கடமை விற்றவருடையது.

இது என் ஆசை அல்ல, சட்டம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, சேவைத் தரம் தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிகள், 24 மணி நேர மின்சாரத்தை விநியோக நிறுவனத்தின் பொறுப்பாக்கின. ஆனால் தடையை அளக்கும் விதத்தில் ஓட்டை இருக்கிறது. மொத்த நுகர்வோருக்கும் சராசரி போடுகிறார்கள். ஒன்றிரண்டு நிமிடம் போய் வரும் தடைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேருவதில்லை. கார்பைடு முனையை உடைத்த தடை, ஏட்டின்படி நடக்கவே இல்லை.

பராமரிப்புக்காக நிறுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். "நாளை காலை 9 மணி முதல் மின்தடை" என்று பேப்பரில் வந்தால் பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொள்வார், மாவுக்காரம்மா விடியற்காலையிலேயே ஆட்டிவிடுவார். அறிவித்த நாளில் நிறுத்தாமல், ஆளுக்கெல்லாம் லீவு கொடுத்த பிறகு கரண்ட் முழுநாளும் இருந்து, அடுத்த வாரம் சொல்லாமல் நிறுத்துகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) வாரியாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு இன்று பெரிய செலவு இல்லை. "இந்நேரத்துக்கு வரும்" என்று ஒரு வரி வந்தாலே, உளுந்தை ஃபிரிட்ஜில் வைப்பதா பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்று அந்த அம்மா முடிவெடுத்துக்கொள்வார்.

இதைப் படிக்கும் தொழில்காரர்களுக்கு: கரண்ட் போன நேரம், வந்த நேரம், கெட்டுப்போன பொருள் மூன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு வராவிட்டால் மின்பகிர்மான வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுங்கள். அதற்கும் மேலே மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். தனியாகப் போகாமல் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்த பத்துப் பேராகப் போங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் தெருவின் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்துதான் அந்தத் தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் லைன் போகிறது. அடுத்த முறை கரண்ட் போனதும் உங்கள் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் அவர்களுக்காக மின்னகத்துக்கு நீங்களும் ஒரு போன் போடுங்கள்.