எட்டு கம்ப்யூட்டருக்கு ஃபயர்வால் தேவையா?

கேள்வி: ஈரோட்டில் சின்னதாக ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறேன். எட்டு கம்ப்யூட்டர், ஒரே ஃபைபர் இணைப்பு. மாதா மாதம் 20ஆம் தேதி நெட் திணறுகிறது. பையன்கள் யூடியூப் பார்ப்பதுதான் காரணம் என்று சொல்லி, 45,000 ரூபாய்க்கு ஃபயர்வால் பெட்டி (நெட்டில் வருவதையும் போவதையும் வடிகட்டும் கருவி) மாட்டச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 20ஆம் தேதி என்றால் ஜிஎஸ்டி 3பி என்ற மாத ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள். ஊரே ஒன்றாக உள்ளே நுழையும்போது ஜிஎஸ்டி போர்ட்டலே நொண்டும். பழியைப் பையன்கள் சுமப்பார்கள். அந்த நேரத்தில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது டக்கென்று வந்தால் உங்கள் நெட்டில் குறையில்லை.

அதுவும் இழுத்தால், பிரவுசரில் 192.168.1.1 அடித்து (சில ரௌட்டரில் 192.168.0.1) உள்ளே போய், இணைந்திருக்கும் சாதனங்களை எண்ணுங்கள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபது நின்றால், மீதி பெரும்பாலும் செல்போன். வைஃபை பாஸ்வேர்டு டீ கொண்டு வருபவர் வரை போயிருக்கும். அதை மாற்றி, செல்போன்களுக்குத் தனியாக கெஸ்ட் வைஃபை கொடுங்கள். ரௌட்டரில் வசதி இருந்தால் அதற்கு வேக வரம்பும் வையுங்கள். ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மறக்காமல் மாற்றுங்கள். அது பெரும்பாலும் பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

தளங்களைத் தடுக்க, ரௌட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) முகவரியாக கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 போடலாம். இலவசம். ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் திறக்காது. யூடியூப் திறக்கும், அதற்கு ரௌட்டரின் பேரண்டல் கன்ட்ரோலில் நேரம் குறித்துப் பூட்டுங்கள். மதிய இடைவேளையில் விட்டுவிடலாம், ஜிஎஸ்டி சந்தேகத்துக்கு அங்கேதான் பதில் தேடுவார்கள்! டிஎன்எஸ்ஸைக் கம்ப்யூட்டரிலேயே மாற்றித் தப்பிக்க வழி உண்டு. அதனால் யாருக்கும் கம்ப்யூட்டரின் அட்மின் லாகின் கொடுக்காதீர்கள். சொந்த போன் டேட்டாவில் பார்ப்பதை எந்தப் பெட்டியாலும் தடுக்க முடியாது.

சரி, ஃபயர்வாலே வேண்டாமா? ஆபீஸ் சர்வரில் வீட்டிலிருந்தும் வேலை பார்க்கிறீர்கள், வாடிக்கையாளர் கணக்கெல்லாம் அதில்தான் என்றால் யோசிக்கலாம். ஆனால் பெட்டி விலையோடு செலவு முடியாது. தளங்களை வடிகட்டும் வேலைக்குப் பொதுவாக வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வடிகட்டல் நின்றுபோகும், பெட்டி மட்டும் விளக்கெரித்துக்கொண்டிருக்கும். அந்த 45,000-இல் எத்தனை வருட லைசென்ஸ் அடக்கம், அப்புறம் புதுப்பிக்க எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா என்று கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.