டர்பனில் 98, ஜோகன்னஸ்பர்க்கில் 94: நுரையீரலில் கோளாறா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்தவர், ஜூன் மாதம் எங்களோடு இருக்க ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவுக்கு வந்தார். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அங்கே 98 சதவீதம் காட்டியது, இங்கே 94தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா, இதயநோய் எதுவும் கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், மாறியது அம்மாவின் நுரையீரல் அல்ல, ஊரின் உயரம்.

டர்பன் கடலோரம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே. "அங்கே ஆக்சிஜன் கம்மி" என்று பலரும் சொல்வார்கள். ஆனால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு ஊரிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். டர்பனில் அது சுமார் 760 மி.மீ. பாதரசம், உங்கள் ஊரில் 620 சொச்சம். மாடித் தொட்டியை இறக்கி வைத்தால் குழாயில் தண்ணீர் மெலிந்து வருமே, அந்தக் கதைதான்.

அழுத்தம் ஏன் அவ்வளவு முக்கியம்? மூச்சை இழுக்கும்போது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானம் கீழே இறங்கும், மார்புக்கூடு விரியும், காற்று உள்ளே வரும். தசைகளின் வேலை அதோடு சரி. நுரையீரலில் காற்று போய்ச் சேரும் நுண்ணறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் சுவருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதைத் தாண்டி ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளத் தனியாக எந்தப் பம்ப்பும் கிடையாது. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அது தானாகக் கசிகிறது. கரியமில வாயு இதே வழியில் எதிர்த்திசையில் வெளியேறுகிறது.

நுண்ணறையில் ஆக்சிஜனின் அழுத்தம் கடலோரத்தில் 100 மி.மீ. அளவில் இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் 75 முதல் 80. கால் பங்கு போய்விட்டதே என்று பதற வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் கெட்டிக்காரப் பொருள். அழுத்தம் 100லிருந்து 75க்கு இறங்கினாலும் அது தன் பிடியில் மூன்று நான்கு சதவீதத்தைத்தான் விடும். அம்மாவின் 98 இப்போது 94 ஆனதற்குக் கணக்கு இதுதான். அழுத்தம் 60க்குக் கீழே போனால்தான் பிடி மளமளவென்று நழுவும். அந்த இடத்தில் மீட்டர் சுமார் 90 காட்டும்.

படியேறும்போது மட்டும் ஏன் இளைக்கிறது? ஓய்வாக இருக்கையில் ஒரு சிவப்பணு நுண்ணறையைக் கடக்க முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. நடந்தால், ஏறினால் ரத்தம் வேகமாக ஓடுகிறது, அந்த நேரம் சுருங்குகிறது. தள்ளும் அழுத்தமும் குறைவு, தசைகளோ கூடுதலாகக் கேட்கின்றன. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். முதல் சில நாளில் மூச்சின் அளவு கூடும், அப்புறம் வாரக்கணக்கில் சிவப்பணுக்கள் பெருகும். அதுவரை படியைப் பாதியில் நின்று ஏறட்டும். மூச்சையும் நிதானமாக, ஆழமாக விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. காற்று நுண்ணறை வரை போகாமல் மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும். குட்டிக் குட்டி மூச்சாக இளைத்தால் பெரும்பகுதி அப்படியே வீண்.

மீட்டரைப் பற்றியும் கொஞ்சம். ஜூன், ஜூலைக் குளிரில் விரல் ஜில்லென்று இருந்தாலோ, நகப்பூச்சு, மருதாணி இருந்தாலோ அது தப்பாகக் காட்டும். கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். ரத்தசோகையையும் அது காட்டிக்கொடுக்காது, இருக்கிற ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். இளைப்பு சில வாரங்களில் குறையாவிட்டால் ஹீமோகுளோபின் அளவையும் இதயத்தையும் டாக்டரிடம் பார்த்துவிடுவது நல்லது.

உட்கார்ந்திருக்கும்போதே மறுபடி மறுபடி 92க்குக் கீழே வந்தாலும், கால் வீங்கினாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். 90க்குக் கீழே இறங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலமானால், பேச்சு குழறினால் 10177க்குக் கூப்பிட்டு ஆம்புலன்ஸை வரவழையுங்கள். கைபேசியிலிருந்து 112.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு சிலிண்டரைவிட இதில்தான் கவலை. குளிருக்காக மூடிய அறையில் கேஸ் ஹீட்டரோ, இம்பாவுலா என்கிற கரிக் கணப்போ வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அது ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, 97, 98 என்றுகூடக் காட்டும். கரிக் கணப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கேஸ் ஹீட்டர் என்றால் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். அறையில் இருக்கும்போது தலைவலி, குமட்டல், வெளியே வந்தால் தெளிவு என்றால் மீட்டரை நம்பாமல் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து உதவி கேளுங்கள்.